சிக்கு, தேயிலை, காசித்தும்பை, மகிழம் எல்லாம் ஒரே வரிசையா? பள்ளித் தோட்டத்துப் பெயர்ப்பலகைக்காகக் கேட்கிறேன்

தாப்பா டீச்சர் | வெள்ளி இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளியின் பின்வேலியோரம் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு தோட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். பழைய லயம் இடிக்கப்பட்ட இடம், செம்மண், மழை பெய்தால் கால் வழுக்கும், ஆனால் எதை ஊன்றினாலும் பிடித்துக்கொள்கிறது. பெற்றோர் ஆளுக்கொரு கன்று கொண்டுவந்து வைத்தார்கள். இப்போது அங்கே இருப்பவை சிக்கு (ஊரில் சப்போட்டா என்பார்கள்), மகிழம், காசித்தும்பை, கேமரன் மலை ரிங்லெட்டிலிருந்து ஒருவர் சாக்கில் கட்டி இறக்கிய தேயிலைச் செடி, காச்சிப் பாத்திமா என்ற மலாய் மூலிகை, ஒரு புத்தாட் மரக்கன்று, மாத்தா ஆயாம் குத்து, இன்னும் வாழை, கறிவேப்பிலை என்று வழக்கமானவை.

பலகை எழுத உட்கார்ந்தேன். தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், குடும்பம், வரிசை (பல குடும்பங்கள் சேர்ந்த பெரிய கூட்டம்) என்று நான்கு வரி போடலாம் என்று ஒவ்வொன்றாகத் தேடினால் வரிசை என்ற இடத்தில் திரும்பத் திரும்ப ஒரே பெயர் வருகிறது: எரிக்கேல்ஸ். முதல் ஏழும் அதே. சிக்குவும் தேயிலையும் கூடச் சரி, காசித்தும்பை எப்படி? விரலளவு தண்டு, தொட்டால் வெடிக்கும் காய். பிள்ளைகள் நாளைக்கு "டீச்சர், இதுக்கும் அதுக்கும் என்ன ஒற்றுமை?" என்று கேட்டால் என்ன சொல்வது? நான் தேடியதில் ஏதாவது தவறா, இல்லை உண்மையிலேயே இப்படித்தானா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பழைய கிராணி | வெள்ளி இரவு 10.05

டீச்சர், நான் 31 வருஷம் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன், செடிகொடி படித்தவன் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். மரத்தை இனம் பிரிப்பதற்கு எங்கள் காலத்தில் இலை, பட்டை, பால், பூ, காய் இந்த ஐந்தையும்தான் பார்ப்போம். என் தாத்தா காட்டுக்குள் போனால் பட்டையை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தே பெயர் சொல்வார். சிக்குவுக்குப் பால் உண்டு, தேயிலைக்கு இல்லை. மகிழம் பெரிய மரம், காசித்தும்பை ஒரு பருவத்துச் செடி. கண்ணுக்குத் தெரியாத ஒற்றுமையைப் பிள்ளைகளிடம் சொல்லி நம்ப வைப்பது சரியா என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

காட்டுவழி | வெள்ளி இரவு 11.48

டீச்சர், நீங்கள் தேடியது சரிதான், ஏழும் எரிக்கேல்ஸ்தான். நான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தவன், இப்போது கேமரன் மலையில் ஆட்களைக் காட்டுக்குள் அழைத்துப் போகிறேன், அதனால் இந்த வரிசையோடு எனக்குத் தினமும் பழக்கம்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். பூக்கும் தாவரங்களை மரபணு உறவின்படி வகைப்படுத்தும் ஆய்வாளர் குழுவான ஏபிஜி 2016இல் வெளியிட்ட நான்காம் பட்டியல்படி இந்த வரிசையில் 22 குடும்பங்கள், சுமார் 12,000 இனங்கள். சிக்குவும் மகிழமும் சப்போட்டேசி, தேயிலை தியேசி, காசித்தும்பை பால்சமினேசி, புத்தாட் லெசித்திடேசி, காச்சிப் பாத்திமாவும் மாத்தா ஆயாமும் பிரிமுலேசி. உங்கள் வேலிக்குள் மட்டும் 22இல் ஐந்து குடும்பம் இருக்கிறது, இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கிராணி ஐயா கேட்டது நியாயமான கேள்வி, அதையேதான் தாவரவியல்காரர்களும் நூறு வருஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இலை பூ காய் பார்த்துப் பிரித்தபோது இவை ஒன்றாக இருக்கவில்லை. அமெரிக்காவின் ஆர்தர் குரோன்குவிஸ்ட் 1981இல் ஒரு பெரிய வகைப்பாடு வெளியிட்டார், நெடுநாள் பாடப்புத்தகங்களில் அதுதான் இருந்தது. அதில் தேயிலைக்குத் தனி வரிசை, புத்தாட்டுக்குத் தனி வரிசை, சிக்குவும் கருங்காலியும் எபினேல்ஸ், காச்சிப் பாத்திமா கூட்டம் பிரிமுலேல்ஸ். காசித்தும்பையைத் தூக்கி ஜெரேனியத்தோடு வைத்திருந்தார். எரிக்கேல்ஸ் என்ற பெயர் அப்போதும் உண்டு, ஆனால் அது ஹெதர், ரோடோடென்ட்ரான் போன்றவை மட்டும் இருந்த சின்ன வீடு.

1993இல் மார்க் சேஸும் இன்னும் பலரும் சேர்ந்து, ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய ஒரு மரபணுவை ஏறத்தாழ 500 தாவரங்களில் படித்து ஒப்பிட்டார்கள். பச்சையாக இருக்கிற எந்தச் செடியிலும் அந்த மரபணு உண்டு, அதனால் மரத்தையும் புல்லையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க முடிந்தது. அங்கேதான் இந்தச் சிதறிய குடும்பங்கள் எல்லாம் ஒன்றை ஒன்று தேடி வந்து நின்றன. பிறகு 1998இல் ஏபிஜி முதல் பட்டியல், அதற்குப் பின் மூன்று திருத்தம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு மரபணுவை வைத்துப் பார்த்தும் இந்தக் கூட்டம் கலையவில்லை. ஒரே ஒரு சாட்சி சொன்னால் சந்தேகப்படலாம், வருகிற சாட்சி எல்லாம் ஒன்றையே சொல்லும்போது ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, ஏன் முகஜாடை இல்லை? சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன், டைனோசர் காலத்தில், இந்தக் கிளைகள் குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்துப் பிரிந்தன. பிரிந்த வேகத்தில் எது மூத்தது எது இளையது என்ற வரிசைமுறையைக்கூட இன்றுவரை ஆராய்ச்சிக்காரர்கள் முழுதாகத் தீர்க்கவில்லை. பிரிந்தபின் ஒவ்வொன்றும் தன் போக்கில் மரமாக, கொடியாக, சதுப்புச் செடியாக, ஒட்டுண்ணியாகப் போய்விட்டது. லயத்தில் ஒன்றாகப் பிறந்து வளர்ந்த அண்ணன் தம்பிகள் ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் மலை, ஒருவர் கடல் என்று போய் மூன்று தலைமுறை கழித்துப் பேரப்பிள்ளைகள் சந்தித்தால் முகம் பார்த்துத் தெரியுமா? பெயர்வழி கேட்டால்தான் தெரியும்.

ரிங்லெட் குமார் | சனி காலை 6.30

அந்தத் தேயிலைச் செடி கொடுத்தது எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன்தான் டீச்சர். ஒன்று சொல்கிறேன், அதைக் கவாத்து செய்யாதீர்கள், கொழுந்தும் கிள்ளாதீர்கள். நாங்கள் மலையில் வாரா வாரம் வெட்டிக்கொண்டே இருப்பதால் இடுப்பளவுக்கு நிற்கிறது, விட்டால் அது மரம். பூக்க விட்டுப் பாருங்கள், வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கம்பிகள் எண்ண முடியாத அளவுக்குக் குஞ்சமாக நிற்கும். என் மகள் முதன்முறை பார்த்துவிட்டு இது தேயிலைப் பூவா என்று நம்பவே இல்லை.

தம்பி காட்டுவழியிடம் இரண்டு கேள்வி. ஒன்று, பிரிஞ்சாங் மலை உச்சிப் பாசிக்காட்டில் பெரியோக் கெரா தொங்குகிறதே, பூச்சி பிடிக்கும் குடுவை, அதுவும் இதில் சேர்த்தியா? குடுவைச் செடி எரிக்கேல்ஸ் என்று எங்கோ படித்த ஞாபகம். இரண்டு, எங்கள் சொந்தக்காரர்கள் வால்பாறையில் தேயிலையில்தான் இருக்கிறார்கள், அங்கே கொப்புள நோய் என்று ஒன்று மழைக்காலத்தில் கொழுந்தைப் பாழாக்கும். அவர்கள் வீட்டுப் பெரியவர் ஊட்டிப் பக்கம் காட்டுப்பூவரசு இலையிலும் அதே மாதிரிக் கொப்புளம் பார்த்திருக்கிறேன் என்பார். அது வேறு நோயா?

காட்டுவழி | சனி காலை 8.15

குமார் அண்ணே, இரண்டாவது கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கிராணி ஐயா கேட்ட "கண்ணுக்குத் தெரிகிற சாட்சி" இதில் இருக்கிறது.

கொப்புள நோய் 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களில் பரவியது. அதைக் கொண்டுவருவது எக்சோபசீடியம் என்ற பூஞ்சைப் பேரினத்தில் ஒன்று. அந்தப் பேரினத்தில் பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு செடி வைத்திருக்கும். தேயிலையில் ஒன்று, அழகுக்கு வளர்க்கும் கமேலியாவில் ஒன்று, ரோடோடென்ட்ரானில் சில, ப்ளூபெரி கூட்டத்தில் சில, சிம்பிளோகஸ் மரத்தில் ஒன்று. இவை எல்லாம் எரிக்கேல்ஸ்! உங்கள் பெரியவர் காட்டுப்பூவரசு என்று சொன்னது நீலகிரியின் சிவப்புப் பூ ரோடோடென்ட்ரான், அதுவும் எரிக்கேசி குடும்பம். ஆக, தேயிலையில் வருவதும் அதில் வருவதும் அச்சாக ஒரே நோய் இல்லை, பங்காளி நோய்கள். மனிதன் மரபணு படிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்தப் பூஞ்சைக்கு இந்த உறவு தெரிந்திருக்கிறது. செடியின் உடம்பு உள்ளே ஒத்துப்போகாவிட்டால் அது கிளைக்குக் கிளை தாவியிருக்காது.

பெரியோக் கெரா விஷயம்: அது நெப்பந்தீஸ், எரிக்கேல்ஸ் இல்லை. கீரைத்தண்டும் சப்பாத்திக்கள்ளியும் இருக்கிற வரிசையில் போகும். நீங்கள் படித்தது வட அமெரிக்காவின் சரசீனியா, தரையிலிருந்து நேராக நிமிர்ந்து நிற்கும் குடுவை, அது எரிக்கேல்ஸ். 1981 பட்டியலில் இரண்டையும் ஒரே வரிசையில்தான் வைத்திருந்தார்கள், பார்த்தால் யாரும் அப்படித்தான் வைப்பார்கள். சத்தில்லாத மண்ணில் பூச்சியைத் தின்று பிழைக்க வேண்டிய நிலைமை இரண்டுக்கும் வந்தது, இரண்டும் தனித்தனியே இலையைக் குடுவையாக்கிக்கொண்டன.

பிரிஞ்சாங் உச்சியில் நீங்கள் நிற்கும் இடத்திலேயே ஒரு வேடிக்கை உண்டு அண்ணே. பெரியோக் கெரா தொங்கும் கிளையைச் சுற்றி மலாயா ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும், ப்ளூபெரியின் பேரினமான வாக்சீனியம் பாசி படிந்த கொம்பில் ஒட்டி வளரும். அந்த இரண்டும்தான் சரசீனியாவுக்குச் சொந்தம், குடுவை தொங்குகிற செடி அந்நியம்.

ஐந்தாம் படிவம் | சனி காலை 10.40

அண்ணா, கேமரனில் விற்கும் ஸ்ட்ராபெரியும் இதுவா? கிவியும் ப்ளூபெரியும் என்று ஒரு இடத்தில் பார்த்தேன். நீல ஹைட்ரேஞ்சா?

காட்டுவழி | சனி காலை 10.52

கிவி ஆம், ப்ளூபெரி ஆம், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சீனப் புத்தாண்டு நேரத்தில் குவியும் பீசாங் காக்கி என்ற பெர்சிமன் பழமும் ஆம், அது கருங்காலியின் பேரினமேதான், டயோஸ்பைரஸ். ஸ்ட்ராபெரி இல்லை தங்கச்சி, அது ரோஜா குடும்பம். ஹைட்ரேஞ்சா அடுத்த வீட்டு வரிசை, கார்னேல்ஸ். கிவி தின்றால் நாக்கில் ஒரு அரிப்பு வருமே, அதற்குக் காரணம் பழத்துக்குள் இருக்கும் ஊசி போன்ற படிகங்கள். அந்த ஊசியை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு அதற்கு வருகிறேன்.

பாசார் அக்கா | சனி மதியம் 2.20

நான் பாசார் மாலாமில் மூலிகை போடுகிறவள். காச்சிப் பாத்திமா என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மலாய்க்காரப் பெண்கள் பிரசவத்துக்குப் பின் காய்ச்சிக் குடிப்பார்கள், நம் ஆட்களும் கேட்டு வாங்குகிறார்கள், ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது குடிக்கவே கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுப்பேன். டீச்சர், பிள்ளைகள் தோட்டத்தில் பலகையில் அதையும் எழுதி வைத்துவிடுங்கள்.

தம்பி, எங்கள் அம்மா ஊரிலிருந்து வரவழைக்கும் வாய்விளங்கம் இருக்கிறதே, மிளகு மாதிரி உருண்டை, பூச்சிக்குக் கொடுப்பது, அது எந்தக் குடும்பம்? சாம்பிராணியும் மரத்துப் பிசின்தானே, அது எங்கே வரும்?

காட்டுவழி | சனி மாலை 4.05

அக்கா, வாய்விளங்கம், காச்சிப் பாத்திமா, மாத்தா ஆயாம் மூன்றும் முன்பு மிர்சினேசி என்று தனிக் குடும்பமாக இருந்தன. 2009 பட்டியலில் அந்தக் குடும்பத்தையே பிரிமுலேசிக்குள் சேர்த்துவிட்டார்கள். ஐரோப்பாவில் வசந்தத்தில் முதலில் பூக்கும் பிரிம்ரோஸும் அதே குடும்பம். இதழுக்கு நேர் எதிரே மகரந்தத் தாள் நிற்கும், இதழுக்கு இடையில் நிற்காது, அது அவர்களின் குடும்ப அடையாளம், கைலென்ஸ் இருந்தால் மாத்தா ஆயாம் பூவிலேயே பார்க்கலாம். பிச்சாவரம் சதுப்பில் வளரும் நரிக்கண்டலும் இதே குடும்பம், உப்புத் தண்ணீரில் நிற்கிறது.

சாம்பிராணி கேட்டீர்களே, அது நம் வரிசையின் ஆறாவது குடும்பமாக டீச்சர் பட்டியலில் சேர வேண்டியது. ஸ்டைராக்ஸ் மரம், மலாயில் கெமெஞான். சுமத்ராவிலும் நம் தீபகற்பத்திலும் வளர்வது. பட்டையில் காயம் பண்ணினால் வடிந்து இறுகும் பிசின்தான் அசல் சாம்பிராணி. அரபு வியாபாரிகள் அதை லுபான் ஜாவி, அதாவது ஜாவா நாட்டுக் குந்திரிக்கம், என்று அழைத்தார்கள். அந்தச் சொல் ஐரோப்பியர் வாயில் திரிந்து பென்சாயின் ஆனது, பென்சாயினிலிருந்து எடுத்த அமிலத்தை 1833இல் ஜெர்மனியின் மிட்சர்லிக் சுண்ணாம்போடு வடித்தபோது கிடைத்ததற்குப் பெயர் பென்சீன் ஆனது. படிவம் ஐந்தில் தங்கச்சி படிக்கிற பென்சீனின் பெயருக்குள் நம் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை இருக்கிறது. ஆனால் குந்திரிக்கம் வேறு மரம், வேறு வரிசை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பழைய கிராணி | சனி இரவு 8.30

பூஞ்சை விஷயம் படித்தேன் தம்பி. இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது என் கேள்வி. வாழ்நாள் முழுக்கப் பால் எடை போட்டவன் நான், மெட்ரோலாக்கை வாளிக்குள் விட்டு அளவு பார்த்த கை இது. சிக்குவின் காயைக் கீறினால் வடிவது ரப்பர் பால் மாதிரியே இருக்கும், காய்ந்தால் இழுபடும். என் தாத்தா தாபான் மரம் பற்றிச் சொல்வார், அவர் சின்ன வயதில் கிழவர்களிடம் கேட்டது. ரப்பர் வருவதற்கு முன் வெள்ளைக்காரன் இந்தக் காட்டில் தேடி அலைந்தது தாபான் பாலைத்தானாம். அப்படியானால் ரப்பர், சிக்கு, தாபான் மூன்றும் ஒரு குடும்பமாகத்தானே இருக்க வேண்டும்? நீ பட்டியலில் ரப்பரைச் சொல்லவே இல்லை.

காட்டுவழி | சனி இரவு 11.20

ஐயா, தாபான் பெயரை நீங்கள் எடுத்ததால் இன்று தூக்கம் போனாலும் பரவாயில்லை, முழுதாக எழுதுகிறேன்.

தாபானும் சிக்குவும் சொந்தம், இரண்டும் சப்போட்டேசி. ரப்பர் அந்நியம். ரப்பர் ஆமணக்கு, மரவள்ளி குடும்பம், மால்பிகியேல்ஸ் வரிசை. பால் என்பது உறவுக்கு அடையாளமே இல்லை: எருக்குக்குப் பால் உண்டு, ஆலமரத்துக்கு உண்டு, பப்பாளிக்கு உண்டு, ரப்பரோடு சேர்த்து நான்கும் நான்கு வரிசை. பூச்சி கடித்தால் வாயை ஒட்டிப் போடுவதற்குப் பல குடும்பங்கள் தனித்தனியே பாலைக் கண்டுபிடித்துக்கொண்டன.

ஆனால் உங்கள் கை சொன்னதும் பொய்யில்லை. ரப்பர் பாலும் தாபான் பாலும் ஒரே கண்ணியால் ஆனவை, ஐசோப்ரீன் என்று பெயர், அதை ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. வித்தியாசம் கோக்கிற விதத்தில்தான். ரப்பரில் ஒவ்வொரு கண்ணியும் ஒரே பக்கம் மடங்கும், அதனால் சங்கிலி சுருண்டு கிடக்கும், இழுத்தால் நீண்டு விட்டால் திரும்பச் சுருளும். தாபானில் கண்ணிகள் மாறி மாறி நிற்பதால் சங்கிலி நேராகி விறகு அடுக்கியதுபோல் நெருங்கிப் படியும், அதனால் சாதாரணச் சூட்டில் அது கட்டை மாதிரி உறுதி, சுடுதண்ணீரில் போட்டால் 60 பாகை வாக்கில் களிமண்ணாக இளகும், ஆறினால் பிடித்த உருவத்திலேயே இறுகும். சிக்குவின் பாலில் இரண்டு வகைச் சங்கிலியும் கலந்திருக்கும், மெக்சிகோ பக்கம் அதைக் காய்ச்சித்தான் முதலில் சுவிங்கம் செய்தார்கள்.

தாபானை இங்கே மலாய்க்காரர்களும் ஒராங் அஸ்லி மக்களும் கத்திப் பிடி, சவுக்குப் பிடி செய்யப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் இருந்த வில்லியம் மாண்ட்காமெரி என்ற மருத்துவர் அதைக் கவனித்து மாதிரி அனுப்ப, 1843 வாக்கில் லண்டன் போய்ச் சேர்ந்தது. கடல் தண்ணீரில் கெடாது, மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே கடலுக்கடியில் தந்திக் கம்பி போட அதைவிட நல்ல உறை அன்றைக்கு உலகத்திலேயே கிடையாது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போட்ட கம்பி, 1866இல் அட்லாண்டிக்கில் நிலைத்து நின்ற கம்பி, எல்லாவற்றுக்கும் உறை இந்தப் பால்தான். லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு வரி செய்தி போனால் அது நம் காட்டுப் பாலுக்குள் ஓடிப் போனது.

இதற்கு மரங்கள் கொடுத்த விலையைச் சொல்லாமல் விட முடியாது ஐயா. தாபான் பால் ரப்பர் போலக் கோட்டில் வடியாது, வெட்டிய வாயிலேயே இறுகிவிடும். அதனால் மரத்தையே சாய்த்து, பட்டையில் முழத்துக்கு ஒரு வளையம் வெட்டி, கசிந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். பெரிய மரம் ஒன்றைச் சாய்த்தால் கிடைப்பது மிகச் சொற்பம். சிங்கப்பூர் காட்டில் சில வருஷத்திலேயே தீர்ந்துபோனது, பிறகு ஜொகூர், பேராக், சுமத்ரா என்று தேடிக்கொண்டே போனார்கள். பின்னால் ஜாவாவில் சிப்பெதிர் என்ற தோட்டத்தில் மரத்தைக் கொல்லாமல் இலையிலிருந்து பால் எடுக்கும் முறை வந்தது. ரப்பர் மரத்தைச் சாய்க்காமல் நாள் தவறாமல் கோடு போட்டு வாழ வைத்தே பால் எடுக்கலாம் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இன்றும் பல் வைத்தியரிடம் போய் வேர்ச்சிகிச்சை செய்தால் பல்லின் வேர்க்குழாயை அடைப்பது தாபான் பாலால்தான்.

கடைசியாக ஒன்று. பக்மா பூ என்று மலாய்க்காரர் சொல்வது, நம் மலையில் ஆள் கூட்டிப்போய்க் காட்டுகிற ரஃப்ளீசியா, உலகத்திலேயே பெரிய பூக்களின் பேரினம். 2007இல் மரபணு பார்த்தபோது அது ரப்பரின் குடும்பத்தோடு போய் நின்றது. அதோடு அதுவரை சேர்த்துப் பேசப்பட்ட மித்ராஸ்டெமான் என்ற வேறொரு ஒட்டுண்ணி, சபாவின் கினபாலு மலையில் கருவாலி குடும்பத்து மரங்களின் வேரில் முளைப்பது, 2004இல் எரிக்கேல்ஸுக்கு வந்து சேர்ந்தது. ஒன்றாக வைத்திருந்த இரண்டு ஒட்டுண்ணிகளில் ஒன்று உங்கள் ரப்பருக்குச் சொந்தம், இன்னொன்று டீச்சரின் சிக்குவுக்குச் சொந்தம்.

பழைய கிராணி | ஞாயிறு காலை 5.50

காலையில் எழுந்து படித்தேன். என் தாத்தா "வளையம் வளையமா வெட்டுவாங்க" என்று கையால் காட்டியது கண்முன் வந்துவிட்டது. அவர் போய் 50 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது எனக்கு அவர் எதைச் சொல்கிறார் என்றே புரியவில்லை, ஏதோ கதை என்று நினைத்திருந்தேன்.

தாப்பா டீச்சர் | ஞாயிறு காலை 9.30

எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டேன். ஒரு சின்ன மனக்குறை. வரிசையின் பெயர் எரிக்கேல்ஸ், ஹெதர் செடியிலிருந்து வந்தது என்கிறார்கள். நாங்கள் யாரும் ஹெதரைப் பார்த்ததில்லை, இந்த மண்ணில் அது இல்லை. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பதை வைத்து "தேயிலை வரிசை" என்று தமிழில் எழுதிவிடலாமா?

இன்னொன்று, இலுப்பையும் சப்போட்டேசி என்று பார்த்தேன். "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம், சர்க்கரைக்குப் பதிலாக அந்தப் பூவைத் தின்றார்கள் என்பதைப் பிள்ளைகள் நம்புவதே இல்லை. சிக்குவின் இனிப்பைக் காட்டி, அதன் சொந்தக்கார மரம் என்று சொன்னால் நம்புவார்கள் போல.

காட்டுவழி | ஞாயிறு காலை 11.00

"தேயிலை வரிசை" வேண்டாம் டீச்சர். தியேல்ஸ் என்று தேயிலைக்குத் தனி வரிசை முன்பு இருந்தது, பழைய புத்தகம் பார்க்கிற பிள்ளை குழம்பும். எரிக்கேல்ஸ் என்றே தமிழ் எழுத்தில் போடுங்கள். எரிக்கா பேரினத்தில் 800க்கு மேல் இனங்கள், அதில் பெரும்பாலானவை ஸ்காட்லாந்தில் இல்லை, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில். ஸ்காட்லாந்து மலையை ஊதா நிறமாக்குகிற ஹெதர் கலூனா என்ற ஒற்றை இனம். பெயர் முதலில் வைத்தவர்கள் கண்ணுக்கு எது பட்டதோ அது நிலைத்தது, அவ்வளவுதான். இனங்களின் கணக்கைப் பார்த்தால் எரிக்கேசிதான் பெரிய குடும்பம், 4,000க்கு மேல், ஆனால் அதற்கு அடுத்த பெரிய குடும்பங்களான பிரிமுலேசி, சப்போட்டேசி, காசித்தும்பை, கருங்காலி எல்லாம் நம் வெயிலும் மழையும் உள்ள பக்கத்தில்தான் அதிகம்.

காசித்தும்பைக்கு வருகிறேன், உங்கள் முதல் கேள்வியே அதுதானே. காசித்தும்பைக்கு மிக நெருங்கிய சொந்தங்களில் ஒன்று நம் கரிச்சதுப்புக் காட்டில் நிற்கும் பூனா மரம், பலகைக்கு வெட்டுகிற பெரிய மரம், டெட்ராமெரிஸ்டேசி. தொட்டால் ஒடியும் செடிக்கும் கட்டிப்பிடிக்க முடியாத மரத்துக்கும் நடுவே என்ன பொருத்தம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. தங்கச்சியிடம் ஊசி என்று சொன்னேனே, அது இங்கே வருகிறது. இரண்டின் இலைச் செல்லுக்குள்ளும் ஊசிக்கட்டு மாதிரி படிகங்கள் கிடக்கும். பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் காசித்தும்பைத் தண்டை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள், பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் தேயிலை இலை ஓரத்தையும் லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு பல்லின் நுனியிலும் கருத்த சின்ன மொட்டு மாதிரி ஒன்று இருக்கும், இலை முதிர்ந்தால் உதிர்ந்துவிடும். இந்த வரிசையின் பல குடும்பங்களில் அந்தப் பல் உண்டு. சிக்கு இலையில் தேடாதீர்கள், அதற்கு ஓரம் வழுவழு.

ரிங்லெட் குமார் | ஞாயிறு மதியம் 12.45

கோயில் நாகலிங்கத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்களே! அதுவும் மகரந்தக் கம்பி கூட்டமாக இருக்கிறது, எங்கள் தேயிலைப் பூ மாதிரி.

காட்டுவழி | ஞாயிறு மதியம் 1.10

மறக்கவில்லை அண்ணே. நாகலிங்கம் புத்தாட்டின் குடும்பம், பிரேசில் கொட்டையும் அதே. தென் அமெரிக்கா அதன் சொந்த ஊர், நம் சிவன் கோயில்களுக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நாகப்படம் போலக் கவிழ்ந்திருக்கும் கம்பிகளில் உள்ள மகரந்தம் வண்டுக்கும் தேனீக்கும் தீனி மட்டும்தான், காய் பிடிக்காது. நடுவில் லிங்கத்தைச் சுற்றியுள்ள வளையத்து மகரந்தம்தான் காய் பிடிக்க வைப்பது. தேனீ படத்துக்குக் கீழே நுழைந்து தின்னும்போது முதுகில் வளையத்து மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். பூவில் தேன் கிடையாது, இந்தத் தீனிதான் கூலி.

பாசார் அக்கா | ஞாயிறு மாலை 5.15

டீச்சர், புத்தாட் கொழுந்து வந்தால் ஊலாமுக்கு (பச்சையாகத் தின்னும் இலைக்கு) கொஞ்சம் கிள்ளலாம், துவர்ப்பாக இருக்கும், சம்பாலோடு நன்றாகப் போகும். பிள்ளைகளுக்குத் தின்னவும் கொடுங்கள், வாயில் பட்டால்தான் மறக்காது. வாய்விளங்கம் விதை ஒரு பிடி நான் கொண்டுவருகிறேன், முளைக்குமா பார்ப்போம்.

பழைய கிராணி | ஞாயிறு இரவு 8.00

இன்று சாயங்காலம் வீட்டுச் சிக்கு மரத்தடியில் நின்று ஒரு இலையைக் கிள்ளினேன். காம்பில் வெள்ளையாகத் துளி வந்தது, விரலில் வைத்து ஆறவிட்டு இழுத்துப் பார்த்தேன். ரப்பர்போல நீண்டது, ஆனால் விட்டால் திரும்பி வரவில்லை, நீண்டபடியே நின்றது. 31 வருஷம் பால் பார்த்தவனுக்கு இந்த வித்தியாசம் இன்றுதான் கையில் தெரிந்தது.

கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகத்தில் தாபான் கன்று கொடுப்பார்களா என்று என் மகனை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தால் பள்ளிக்கு என் தாத்தா பெயரில் ஒன்று வைக்க ஆசை. இலையின் அடிப்பக்கம் எப்படி இருக்கும் தம்பி, வேறு எதையாவது கொடுத்துவிட்டால் தெரிய வேண்டுமே?

காட்டுவழி | ஞாயிறு இரவு 8.22

மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் பித்தளைத் தட்டைத் துலக்கி வைத்ததுபோலப் பொன்னிறம் ஐயா. காற்றில் திரும்பும்போது தூரத்திலிருந்தே தெரியும்.

தாப்பா டீச்சர் | ஞாயிறு இரவு 9.05

ஐயா, வேலி மூலையில் வாழை நிற்கிற இடத்தைத் தாபானுக்கு ஒதுக்கிவிட்டேன், வாழையை நாளைக்கே மாற்றிவிடுகிறோம். பலகையையும் இன்றே எழுதிவிட்டேன்: தாபான், சப்போட்டேசி, எரிக்கேல்ஸ். நட வரும்போது வளையம் வெட்டிய கதையை நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், புதன்கிழமை காலை பத்து மணிக்கு வர முடியுமா?